டெஸ்ட்டுக்குப் போட்ட சம்பளம்

போன வெள்ளிக்கிழமை எனக்குச் சால்வை போர்த்தி, கையில் ஒரு பீங்கான் யானையையும் கொடுத்து வழியனுப்பி வைத்தீர்கள். விருத்தாசலத்தில் யார் ஓய்வு பெற்றாலும் யானைதான் கிடைக்கும் என்பதால், என் வீட்டுக்காரர் ஓய்வில் வாங்கி வந்த யானைக்கு இப்போது ஜோடி சேர்ந்துவிட்டது. மிக்க நன்றி. ஆனால் அன்று சாப்பாட்டின்போது உங்களில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அக்கா, வெப் டெவலப்பருக்கு ஆரம்பத்துல எவ்ளோ, அஞ்சு வருஷத்துல எவ்ளோ, பத்து வருஷத்துல எவ்ளோ? உண்மையைச் சொல்லுங்கக்கா." எல்லோரும் ரசம் சோற்றில் கையை வைத்தபடியே என் முகத்தைப் பார்த்தீர்கள். நானும் "பாயசம் வருது பாரு" என்று பேச்சை மாற்றித் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. இருபத்து நாலு வருஷம் இந்த வேலை பார்த்தவள், வாங்கிய சம்பளத்தைச் சொல்ல ஏன் பாயசத்துக்குப் பின்னால் ஒளிய வேண்டும்? அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் புதியவருக்கு இவ்வளவு, நடுவில் இருப்பவருக்கு இவ்வளவு, மூத்தவருக்கு இவ்வளவு என்று அழகான பட்டியல் கிடைக்கும். என் சம்பளம் அந்தப் பட்டியலைப் படித்ததே இல்லை. அது தன் இஷ்டத்துக்கு ஏறியது, இறங்கியது, பல வருஷம் அசையாமல் தூங்கியது.

முதல் வருமானம் ஒரு பக்கத்துக்கு நாற்பது ரூபாய். சிரிக்காதீர்கள். எங்கள் அம்மா செராமிக் எஸ்டேட்டில், அதாவது ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில், பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். நூறு பொம்மைக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா அங்கேயே பீங்கான் ஃபியூஸ் கட்டை அச்சில் போடுவார். அதற்கும் நூற்றுக்குத்தான் கணக்கு. மாதச் சம்பளம் என்பது எங்கள் தெருவில் வாத்தியார் வீட்டிலும் ரயில்வேக்காரர் வீட்டிலும் மட்டும் நடக்கிற அதிசயம். நான் வெப்சைட் செய்யப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "ஒரு பக்கத்துக்கு எவ்ளோ தருவாங்க?" எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. உட்கார்ந்து யோசித்து, நாற்பது என்று விலை வைத்தேன்.

முதலில் வந்தவர் கரண்ட் கம்பத்துக்குப் போடும் பீங்கான் குமிழ் செய்கிற ஒரு பட்டறைக்காரர். விலையைக் கேட்டார். மோவாயைத் தடவினார். "எம்மா, எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போட்டுடு" என்றார். நூற்று நாற்பது படங்கள். அன்றைய இணைய வேகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, டீக்கடைக்குப் போய்ச் சொல்லி, குடித்து, கிளாஸைக் கொடுத்துவிட்டு வந்தாலும் முப்பதாவது குமிழ்தான் பாதி வந்திருக்கும். அவருக்கோ ஒரே பெருமை. "எவ்ளோ நீளம் பாத்தியா!" என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒன்பது நாள் வேலைக்கு நாற்பது ரூபாய் கொடுத்துவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அதிலாவது புத்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை. அடுத்து புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. "என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டார்கள். "ஒரு பக்கத்துக்கு நாற்பது சார். நீளமான பக்கம்னா அறுபது" என்றேன். பட்டறைக்காரரிடம் கற்ற பாடம் அந்த அறுபதில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மாதம் நாலாயிரத்து ஐநூறு தருகிறோம் என்றார்கள். நான் மனதுக்குள் அதை நாற்பதால் வகுத்துப் பார்த்து, ஆகா, நூற்றுப் பன்னிரண்டு பக்கம் என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்டேன்.

பிறகு சென்னை. பதினெட்டாயிரத்தில் ஆரம்பித்து ஐந்து வருஷத்தில் முப்பத்திரண்டு. அதில் ஒரு பங்கை ஹாஸ்டலும், ஒரு பங்கை ஊருக்கு வந்து போகிற ரயிலும் சாப்பிட்டன. அங்கே எங்கள் குழுவுக்கு லீடாக இருந்தவரின் பெயரை எழுதினால் கூச்சப்படுவார், விட்டுவிடுகிறேன். ஒரு நாள் ஒரு கல்லூரியின் அட்மிஷன் பக்கம் பட்டப்பகலில் யாருக்கும் திறக்காமல் விழுந்துவிட்டது. ஹாலில் நாற்பது பேர் இருந்தோம். நாம் செய்ததுதானோ என்று ஆளாளுக்குத் தன் வேலையைப் பிரித்துப் பார்க்கத் தொடங்குவதற்குள், அவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஸ்கூல் பையன் போல கையைத் தூக்கினார். "நான்தான்! நான்தான் உடைச்சேன். யாரும் தேடாதீங்க." ஆறே நிமிஷத்தில் சரியாகிவிட்டது. "வெக்கமா இல்லீங்களா சார்?" என்று பிறகு கேட்டேன். "இருந்துச்சும்மா. ஆனா நாப்பது பேரு தேடுற நேரம் மிச்சமாச்சே" என்றார். அந்த ஆளின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

கல்யாணம், குழந்தை என்று ஊருக்குத் திரும்பினேன். ஜங்ஷன் ரோட்டில் ஒரு வாஷ்பேசின் கடைக்கு மேல் மாடியில் சின்னதாக ஒரு கம்பெனி இருந்தது. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்த நம்மூர்க்காரர் நடத்தினார். அங்கே என் சம்பளம் முப்பத்திரண்டிலிருந்து சடாரென்று இருபதுக்கு இறங்கியது. பிறகு நடந்து நடந்து, பதினாறாவது வருஷ அனுபவத்தில் முப்பத்தெட்டில் வந்து நின்றது. இதில் ஒரு ரூபாயையும் நான் கேட்டு வாங்கியதில்லை. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். இனி சொல்லப்போவது அந்தப் பதினாறாவது வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது.

அங்கே நாங்கள் பதினோரு பேர். அதில் கலையரசி என்று சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். மூன்று வருஷ அனுபவம், மாதம் பதினோராயிரம். தப்பைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு இணை கிடையாது. ஒரு முறை பஸ்ஸில் வரும்போதே போனில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரின் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தவள், வாங்குகிறவர்களிடம் இரண்டு முறை பணம் பிடிப்பதைக் கவனித்துவிட்டாள். பாதி வழியில் இறங்கி, சாலையோரப் புளியமரத்தடியில் நின்று எனக்குப் போன் போட்டு அதை நிறுத்த வைத்தாள். அப்படிப்பட்டவளுக்கு அவள் அண்ணன் நெய்வேலியில் ஒரு நகைக்கடையில் பில் போடும் வேலை பார்த்து வைத்திருந்தார். பதினாலாயிரம். அன்று மாலை ஐந்து மணிக்குள் கடைக்குப் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் இந்தத் தொழிலுக்கே கும்பிடு. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "எனக்கு இந்த வேலைதான்க்கா புடிக்குது. ஆனா பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போயி வூட்டுக்குக் குடுக்க ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றாள். நான் ஒரு வடையை அவள் பக்கம் தள்ளினேன்.

அன்று என் கையில் இருந்த வேலை, சம்பள உயர்வுக் கடிதங்களைத் தானாகத் தயாரித்து ஒவ்வொருவருக்கும் மெயிலில் அனுப்பும் ஒரு பக்கம். முதலாளி குடும்பத்தோடு ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் தொகைகள் வேண்டும். எல்லோரும் 1111, 2222 என்று எதையாவது போடுவார்கள். எனக்கு அன்று குஷி தலைக்கேறியிருந்தது. உண்மையில் யாருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயமோ, அதையே போட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது. பெண்ணாடத்துக்காரர் முருகேசன், ஏழு வருஷ அனுபவம்: பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு. கலையரசியின் பெயர் வந்ததும் கொஞ்ச நேரம் யோசித்தேன். அவள் காப்பாற்றிய வாடிக்கையாளர் மாதாமாதம் எவ்வளவு தருகிறார் என்பதை நினைத்துப் பார்த்து, இருபத்திரண்டு என்று போட்டேன். எனக்கு எழுபத்தைந்து. டெஸ்ட்தானே, யார் கேட்கப் போகிறார்கள்! கடைசியில் முதலாளியையும் விடவில்லை. "தங்கள் அயராத உழைப்பைப் பாராட்டி, தங்கள் மாதச் சம்பளம் ரூபாய் பன்னிரண்டாயிரமாக உயர்த்தப்படுகிறது. மேலும் சிறக்க வாழ்த்துகள்." கீழே அவருடைய கையெழுத்து. அவரே அவரைப் பாராட்டி அவருக்கே எழுதிய கடிதம். தனியாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

இந்த மெயில்கள் யாருக்கும் போகாமல் என் ஒருத்திக்கே வரும்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் வேறு எதையோ சோதிக்க அந்த வரியை எடுத்தேன். சாப்பிட்டு வந்து, வெந்தயக்குழம்பு மயக்கத்தில், திரும்பப் போடாமலே பட்டனை அழுத்திவிட்டேன்.

முதலில் முருகேசன் போனில் டிங் என்றது. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுந்து, படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். வயிற்றைக் கலக்குகிறது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். என் மெயிலைத் திறந்த பிறகுதான் யாருக்கு வயிறு கலங்க வேண்டும் என்று புரிந்தது. எனக்கு வந்திருக்க வேண்டியவை பன்னிரண்டு கடிதங்கள். வந்திருந்தது ஒன்றே ஒன்று. என் எழுபத்தைந்தாயிரம்.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கம்பெனி மெயிலைப் பார்த்துக்கொள்வது நான்தான். எல்லோருடைய பெட்டிக்குள்ளும் போய் அந்தக் கடிதங்களை அழித்துவிட எனக்கு இரண்டு நிமிஷம் போதும். முதலாளியின் போன் கோயிலில் பைக்குள் இருக்கும். பெரும்பாலானோர் இன்னும் திறக்கவில்லை. திறந்தவர்களிடம் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். விரல்களைக் கீபோர்டில் வைத்தும்விட்டேன். அப்போதுதான் ஜன்னல் ஓரத்திலிருந்து கலையரசியின் குரல் கேட்டது.

"அண்ணா, நெய்வேலி வேலை வேணாம்னு சொல்லிடு. இருபத்தி ரெண்டு போட்டிருக்காங்க! ஆமாண்ணா, லெட்டரே வந்துடுச்சு. அனுப்புறேன், நீயே பாரு. அஞ்சு மணிக்குள்ள கடைக்குச் சொல்லிடு."

சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். என் விரல்கள் கீபோர்டை விட்டுத் தாமாகவே எழுந்தன. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கையைத் தூக்கினேன்.

"நான்தான்! அந்த லெட்டர் எல்லாம் நான் டெஸ்ட்டுக்குப் போட்டது. தப்பா வந்துடுச்சு. யாரும் நம்பாதீங்க."

சரியாக அந்த நேரத்தில் முருகேசன் மூச்சு வாங்க மேலே வந்தார். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. விஷயத்தைச் சொன்னதும் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரிட்டன் எடுக்க மாட்டாங்களேக்கா" என்றார். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, மாடி முழுக்கத் தொற்றிக்கொண்டது. எனக்கு வேலை போவது உறுதி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், மரியாதையாக முதல் துண்டை எனக்கே கொடுத்தார்கள்.

கலையரசி மட்டும் சிரிக்கவில்லை. என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, என்னுதுல இருபத்தி ரெண்டுன்னு போட்டீங்களே, அது சும்மா கைக்கு வந்ததைப் போட்டீங்களா, யோசிச்சுப் போட்டீங்களா?"

"யோசிச்சுத்தான்டி போட்டேன்."

"அப்ப சரி. அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்றேன். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குது. சார் வரட்டும்."

சார் நாலேகாலுக்கு வந்தார். நெற்றியில் நாமம், கையில் கோரைக்கிழங்குப் பிரசாதப் பொட்டலம், முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. நேராக என்னிடம் வந்தார். "எனக்குப் பன்னெண்டாயிரமா?" என்றார். "உயர்த்தித்தான் சார் போட்டிருக்குது" என்று என் வாய் முந்திக்கொண்டது. பெருமாள் அருளில் அவர் உதடு கொஞ்சம் துடித்தது. "உள்ள வா. கலையரசி, நீ ஏன் நிக்கிற?"

அவளும் எங்கள் பின்னாலேயே அறைக்குள் வந்துவிட்டாள். குரல் நடுங்கியது. ஆனால் சொற்கள் நடுங்கவில்லை.

"சார், லெட்டர் தப்புன்னு அக்கா சொல்லிட்டாங்க. நானும் ஒத்துக்கிட்டேன். தொகை தப்பான்னு நீங்கதான் சொல்லணும்."

முதலாளி அவளையே பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்த வருஷத்துக்கு அவர் எழுதி வைத்திருந்த பட்டியல். கலையரசி பெயருக்கு நேரே பன்னிரண்டு என்று இருந்தது. ஆயிரம் ரூபாய் உயர்வு. "நீ ஏன் இருபத்தி ரெண்டு போட்ட?" என்று என்னைக் கேட்டார். புளியமரத்தடி போன் காலைச் சொன்னேன். அது மாதிரி இன்னும் நாலு சம்பவங்களையும் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக, மூச்சு விடாமல் பேசினேன்.

"இதெல்லாம் எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீங்க கேக்கல சார். நாங்களும் சொல்லல."

அவர் பேனாவை எடுத்து அந்தப் பன்னிரண்டை அடித்தார். "தொகை தப்பில்ல. ஆனா ஒரே நாள்ல என்னால முடியாது. இந்த மாசத்துலேர்ந்து இருபது, தீபாவளிக்கு இருபத்தி ரெண்டு. சம்மதமா?"

"எழுதிக் குடுங்க சார், அண்ணனுக்கு அனுப்பணும்" என்றாள் அந்தப் பெண். மூன்று வருஷமாக என் பின்னால் ஒளிந்து ஒளிந்து டீ குடித்தவள்! அவர் எழுதிக் கொடுத்தார். நாலே முக்காலுக்கு நெய்வேலி கடைக்கு வேண்டாம் என்று பதில் போய்விட்டது.

அதற்குப் பிறகு முருகேசனுக்காகவும் மற்றவர்களுக்காகவும் வாதாடினேன். சில தொகைகளை ஒத்துக்கொண்டார், சிலவற்றைப் பாதியாக்கினார், ஒன்றிரண்டுக்கு முடியாது என்றார். கடைசியாக என் பெயர் வந்தது. "எழுபத்தஞ்சு. இது?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அது சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டது சார்."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து உள்ளே வைத்தார். வேலை போகவில்லையே என்ற நிம்மதியில் நான் ஏறக்குறைய பறந்துகொண்டே கீழே இறங்கி வந்தேன். வாஷ்பேசின் கடை வாசலில் கலையரசி காத்திருந்தாள். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"அக்கா, உங்களுக்கு என்னா கொறைச்சல்? பத்து பேருக்குப் பேசத் தெரியுது, உங்களுக்குப் பேசத் தெரியாதா? உங்க தொகைய யோசிச்சுப் போட்டீங்களா, சும்மா போட்டீங்களா?"

யோசித்துத்தான் போட்டேன். மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் யோசித்துப் போட்ட தொகை அது. சென்னையில் என்னோடு ஒன்றாகச் சேர்ந்தவர்கள் என்ன வாங்குகிறார்கள், இந்த மாடியில் எதெல்லாம் என் தலையில் நிற்கிறது, எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். அதை அவளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பதினாறு வருஷம்! நாற்பது ரூபாய்க்கு நூற்று நாற்பது படம் போட்டவள், அந்தப் புதுச்சேரி இன்டர்வியூவுக்கு அப்புறம் ஒரு முறைகூட இவ்வளவு வேண்டும் என்று வாய் திறந்து கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வதை நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏறுங்க மேல" என்றாள். சேத்தியாத்தோப்பு பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே போனேன். முதலாளி பிரசாதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டே, பூனைக்குட்டிக் குரலில் சொன்னேன்.

"சார், என்னோடது டெஸ்ட் இல்ல. எழுபத்தஞ்சுன்னா எழுபத்தஞ்சுதான்."

அவர் மெதுவாக மென்று விழுங்கினார். "நீ வந்து எட்டு வருஷமாகுது. இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றார். உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் பேசினோம். எழுபத்தைந்தை அவரால் தர முடியாது, ஐம்பது என்றார். நான் வெளியே போய்விடவில்லை. ஐம்பத்தைந்து என்றார். கதவுப் பக்கம் பார்த்தேன், ஆனால் எழுந்திருக்கவில்லை.

தம்பி தங்கைகளே, ஆரம்பத்தில் எவ்வளவு, ஐந்து வருஷத்தில் எவ்வளவு, பத்து வருஷத்தில் எவ்வளவு என்று கேட்டீர்களே. அந்த வெள்ளிக்கிழமை வரைக்குமான என் தொகைகளை மேலே எழுதிவிட்டேன். முதன்முதலாக நானாகக் கேட்டு வாங்கிய மாதச் சம்பளம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் இன்னும் எழுதவில்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கலையரசி ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தாள். "எவ்ளோக்கா?" என்று அங்கிருந்தே கத்தினாள். முதலாளி பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே, ரோட்டில் ஊரே போகிறதே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

"அறுபது!" என்று ஜங்ஷன் ரோடே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.